ஆரஞ்சுத் தோல் புற்றுநோயைத் தடுக்குமா?

எலுமிச்சை கீமோதெரபியைவிட 10,000 மடங்கு வலிமையானது என்றொரு செய்தி பல ஆண்டுகளாகக் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழத்தை உறைய வைத்துத் தோலோடு துருவிச் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்பது அதன் இன்னொரு வடிவம். இரண்டும் பொய். எலுமிச்சையையும் கீமோ மருந்தையும் நோயாளிகளிடம் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் கிடையாது.

இந்தப் பொய் இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு நேரும் கெடுதல் வெளிப்படையானது. இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. இது புரளி என்று தெரிந்தவர்கள் விஷயத்தையே மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் சிட்ரஸ் தோலில் உள்ள சேர்மங்களைப் பற்றி 1980-களிலிருந்து ஒழுங்கான ஆராய்ச்சி நடந்துவருகிறது. எலிகளில் கட்டி சுருங்கியிருக்கிறது, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சில வழிகள் அடைபட்டிருக்கின்றன, ஒன்றிரண்டு இன்னும் திறந்திருக்கின்றன. எந்தச் சேர்மம் எதுவரை வந்து நின்றது என்று தெரிந்துகொண்டால், தோலைக் குப்பையில் போடுவதா சமையலில் போடுவதா என்பதையும், யார் அதைத் தொடவே கூடாது என்பதையும் நாமே முடிவு செய்யலாம்.

தோலுக்குள் என்ன இருக்கிறது

தோல் ஒரே பொருள் அல்ல. வெளியே நிறமுள்ள மெல்லிய அடுக்கு. அதற்குள் கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. தோலை மடக்கி அழுத்தினால் தெறிக்கும் மணமுள்ள துளி அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு உள்ளே வெள்ளையான பஞ்சு அடுக்கு. இரண்டிலும் இருக்கும் சரக்கு வேறு வேறு. பலர் "தோல்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒன்றின் பலனை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் அது 90 சதவீதத்துக்கும் மேல். எலுமிச்சையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இருக்கும். நிற அடுக்கிலேயே நோபிலெட்டின், டாஞ்செரெட்டின் என்ற இரண்டு ஃபிளாவோன்களும் (தாவரங்களில் காணப்படும் ஒருவகைச் சேர்மங்கள்) உண்டு. இவற்றின் மூலக்கூறில் மீத்தாக்சித் தொகுதிகள் நிறைய. நோபிலெட்டினில் ஆறு, டாஞ்செரெட்டினில் ஐந்து. அதனால் இவை கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். கமலா போன்ற மாண்டரின் வகை ஆரஞ்சுகளின் தோலில் இவை அதிகம், எலுமிச்சையில் மிகச் சொற்பம். புரளிச் செய்திகள் எலுமிச்சையையே பிடித்துக்கொண்டிருக்க, ஆய்வகங்கள் அதிகம் ஆராய்ந்த இந்த இரண்டு சேர்மங்களும் மாண்டரின் தோலில்தான் இருக்கின்றன.

வெள்ளை அடுக்கில் இருப்பவை ஹெஸ்பெரிடின் (ஆரஞ்சு வகைகளில்), நாரிஞ்சின் (கிரேப்ஃபுரூட், பம்பளிமாஸில், கசப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்), அப்புறம் பெக்டின் என்ற நார்ச்சத்து. ஹெஸ்பெரிடினும் நாரிஞ்சினும் சர்க்கரை ஒட்டிய மூலக்கூறுகள். அப்படியே குடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டியெடுத்த பிறகே உள்ளே போகும். ஒருவர் குடலில் வாழும் பாக்டீரியா வேறு, இன்னொருவருடையது வேறு. ஒரே அளவு சாப்பிட்ட இருவரின் ரத்தத்தில் அளவு பெரிதும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லிமோனீன்: எலியிலிருந்து மருத்துவமனை வரை

இருப்பவற்றில் அதிக தூரம் நடந்தது லிமோனீன்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கூல்டு குழுவினர் எலிகளுக்கு ரசாயனம் கொடுத்து மார்பகக் கட்டி வரவழைத்து, பிறகு லிமோனீன் கலந்த உணவு கொடுத்தார்கள். கட்டி வருவது குறைந்தது மட்டுமல்ல, ஏற்கெனவே வந்த கட்டிகள் சுருங்கவும் செய்தன. 1992-இல் வெளியான அந்த முடிவு உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும்: உணவின் எடையில் 10 சதவீதம் லிமோனீன். நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவுக்குச் சமமாகச் சாப்பிடும் மனிதருக்கு அதே விகிதத்தில் 50 கிராம் சுத்தமான லிமோனீன் வேண்டும். எலிக்கும் மனிதருக்கும் உடல் வேதியியல் வேகம் வேறு என்பதால் நேரடியாக அப்படிப் பெருக்கக் கூடாது. ஆனாலும் நாம் எந்த உயரத்தில் இருக்கும் அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரிந்துவிடும்.

அடுத்து மனிதர்கள். 1998-இல் வெளியான முதல் கட்ட ஆய்வில் முற்றிய புற்றுநோயுள்ள 32 பேருக்கு லிமோனீனை வாய்வழியாகக் கொடுத்தார்கள். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு அரை கிராமில் தொடங்கி 12 கிராம் வரை போனார்கள். தாங்கக்கூடிய மேல் எல்லை 8 கிராம் என்று தெரிந்தது. சராசரி உடலுக்கு அது 13, 14 கிராம். அதற்கு மேல் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. மார்பகப் புற்றுநோயுள்ள ஒருவருக்குக் கட்டி ஓரளவு சுருங்கி 11 மாதங்கள் அப்படியே இருந்தது. அந்த நம்பிக்கையில் மேலும் 10 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு 8 கிராம் அளவைக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும் கட்டுரைகள் ஏராளம்.

2013-இல் அரிசோனாவிலிருந்து வந்த ஆய்வு வேறு கேள்வி கேட்டது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயோடு அறுவைசிகிச்சைக்குக் காத்திருந்த 43 பெண்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் லிமோனீன், இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு. வெட்டியெடுத்த திசுவில் அளந்தபோது கிராமுக்குச் சராசரியாக 41 மைக்ரோகிராம் லிமோனீன் சேர்ந்திருந்தது. மார்பகத்தில் கொழுப்பு அதிகம், லிமோனீன் கொழுப்பைத் தேடிப் போகிறது, எதிர்பார்த்தது நடந்தது. செல்கள் பிரிவதைத் தூண்டும் சைக்ளின் டி1 என்ற புரதம் கட்டியில் 22 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டும் கேஐ-67 குறியீட்டில் பெரிய மாற்றமில்லை. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேருகிறது, அங்கே எதையோ அசைக்கிறது. நோயின் போக்கை மாற்றுகிறதா என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை. என் கணிப்பில், சிட்ரஸ் தோல் பற்றிய மனித ஆய்வுகளில் கவனமாகப் படிக்கத் தகுந்தது இதுதான்.

லிமோனீனின் உறவான பெரிலில் ஆல்கஹால் ஆய்வகத்தில் அதைவிட வீரியமாக வேலை செய்ததால், அதை மாத்திரையாக்கி மார்பகம், சூலகம், புரோஸ்டேட், பெருங்குடல் புற்றுநோய்களில் சோதித்தார்கள். குமட்டலும் களைப்பும் மிச்சம், கட்டிகள் அசையவில்லை. அதே பொருளை மூக்கு வழியே உள்ளிழுக்க வைத்து, திரும்ப வந்த மூளைக் கட்டிகளில் பிரேசிலில் முயன்றார்கள். அந்த வழி இன்னும் மூடப்படவில்லை. மிகத் தூய்மையாக்கிய வடிவத்தில் மருத்துவச் சோதனைகள் தொடர்ந்தன. ஆரஞ்சுத் தோலைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

லிமோனீனே புற்றுநோய் தரும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஆண் எலிகளுக்குச் சிறுநீரகக் கட்டி வந்தது உண்மை. ஆண் எலிகளிடம் மட்டும் பெருமளவில் சுரக்கும் ஒரு புரதத்தோடு லிமோனீனின் சிதைபொருள் ஒட்டிக்கொண்டு சிறுநீரகச் செல்களில் தேங்குவதே அதற்குக் காரணம். அந்தப் புரதம் மனிதரிடம் இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1999-இல் லிமோனீனை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவற்றில் வைத்தது. எலியின் கெட்ட முடிவை இப்படி ஆராய்ந்து ஒதுக்குகிறோம் என்றால், எலியின் நல்ல முடிவையும் அதே கவனத்தோடு எடைபோடுவதுதான் நேர்மை.

நோபிலெட்டின், டாஞ்செரெட்டின்

இவை இரண்டும் ஆய்வகத்தில் எந்தப் புற்றுச் செல்லின் மேல் ஊற்றினாலும் ஏதாவது ஒரு விளைவைக் காட்டும். "செல்களைக் கொல்கிறது" என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் என்ன நடக்கிறது என்பதை 2007-இல் கனடாவில் பார்த்தார்கள். மார்பக, பெருங்குடல் புற்றுச் செல்களில் இந்த இரண்டும் செல் சுழற்சியை முதல் கட்டத்திலேயே நிறுத்தின, செல்கள் சாகவில்லை. சேர்மத்தைக் கழுவி எடுத்ததும் சில நாட்களில் மறுபடி வளரத் தொடங்கின. அந்த ஆய்வில் மார்பகச் செல் என்று பயன்படுத்திய எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற வகை, உண்மையில் மெலனோமா என்ற சருமப் புற்றுநோயின் செல் என்று வேறு ஆய்வுகள் காட்டின. அதனால் அந்த முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் "மார்பகப் புற்றுநோயில் வேலை செய்தது" என்று படிக்கும்போது எந்தச் செல் என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நிறுத்தி வைப்பது ஒன்றுமில்லாத விஷயமல்ல. தடுப்புக்கு அது போதுமானதாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குச் சேர்மம் செல்லைச் சுற்றி எப்போதும் இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். செல் வளர்ப்புத் தட்டுகளில் பல பத்து மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) அளவில் ஊற்றுகிறார்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் வருவது அதைவிட மிகமிகக் குறைவு, அதுவும் சில மணி நேரத்துக்கு.

குடலில் மட்டும் கதை மாறுகிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் சுண்டெலிகளுக்கு நோபிலெட்டின் கொடுத்தபோது, பெருங்குடல் சுவரில் நோபிலெட்டினைவிட அதன் சிதைபொருள்கள் சுமார் 20 மடங்கு அதிகமாக இருந்தன. அவை மூலப்பொருளைவிட வலுவாகவும் வேலை செய்தன. பெருங்குடலில் வரவழைத்த கட்டிகளும் குறைந்தன. உடல் முழுவதற்குமான பலனை எதிர்பார்ப்பதைவிட, தோல் நேரடியாகத் தொட்டுச் செல்லும் பெருங்குடலில் பலனைத் தேடுவது அறிவுக்குப் பொருந்துகிறது. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை இருக்கும் இடம் இதுதான்.

இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுண்டெலி உணவில் 0.05 சதவீதம் நோபிலெட்டின் கலப்பது இத்தகைய ஆய்வுகளில் வழக்கமான அளவு. 25 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளொன்றுக்கு 3 கிராம் தின்றால் அதற்குள் போவது 1.5 மி.கி., அதாவது கிலோவுக்கு 60 மி.கி. சுண்டெலி அளவை மனித அளவாக்க 12.3 ஆல் வகுப்பார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 5 மி.கி. வரும், 60 கிலோ மனிதருக்கு 300 மி.கி. நல்ல மாண்டரின் ரகத்தின் உலர்ந்த தோலில் கிராமுக்கு 3 மி.கி. இருப்பதாக வைத்துக்கொண்டால் தினமும் 100 கிராம் உலர்ந்த தோல் தின்ன வேண்டும். யாராலும் முடியாது, முயலவும் கூடாது. ஒரு தேக்கரண்டித் துருவலால் ஆய்வகப் பலன் கிடைக்கும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்ததே இல்லை.

லிமோனீனுக்கும் அதே கணக்கு. ஒரு தேக்கரண்டி நிறத் துருவல் சுமார் 2 கிராம். அதில் பெரும்பகுதி தண்ணீரும் நாரும். லிமோனீன் 0.1 கிராமை எட்டினாலே அதிகம். அரிசோனா ஆய்வின் 2 கிராமுக்கு இருபது தேக்கரண்டி வேண்டும்.

பெக்டின்

சாதாரண பெக்டின் நல்ல நார்ச்சத்து, அவ்வளவே. அது பெரிய மூலக்கூறு, ரத்தத்துக்குள் போகாது. காரத்தாலும் அமிலத்தாலும் வெப்பத்தாலும் கட்டுப்பாட்டோடு வெட்டிச் சிறிதாக்கியதை மாற்றியமைத்த சிட்ரஸ் பெக்டின் என்கிறார்கள். புற்றுச் செல்கள் ஒன்றோடொன்றும் ரத்தக்குழாய்ச் சுவரோடும் ஒட்டிக்கொள்ள உதவும் காலெக்டின்-3 என்ற புரதத்தை இது பிடித்துக்கொள்ளும் என்பது கருத்து. 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. (நோயின் போக்கை அறிய ரத்தத்தில் அளக்கும் புரோஸ்டேட் புரதம்) ஏறத் தொடங்கிய புரோஸ்டேட் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 14.4 கிராம் ஓராண்டு கொடுத்தார்கள். மதிப்பிட முடிந்த 10 பேரில் 7 பேருக்குப் பி.எஸ்.ஏ. இரட்டிப்பாகும் வேகம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. பிறகு வந்த சற்றுப் பெரிய ஆய்விலும் இல்லை. பி.எஸ்.ஏ. ஏறும் வேகம் தானாகவே மாறக்கூடியது என்பதால் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் தோலை வேகவைத்தால் இந்தப் பொருள் கிடைக்காது.

தோல் தின்கிறவர்களைக் கவனித்த ஆய்வு

அரிசோனாவில் ஹக்கீம், ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் சருமப் புற்றுநோயில் செதிள் செல் வகை வந்த 242 பேரையும் வராத 228 பேரையும் விசாரித்தார்கள், 2000-இல் வெளியானது. பழமோ சாறோ சாப்பிடுவதில் வேறுபாடு தெரியவில்லை. பழத்தோலைச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களிடம் மட்டும் நோய் வாய்ப்பு விகிதம் 0.66, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. தோலோடு சூடான கறுப்புத் தேநீரும் குடிக்கிறவர்களிடம் குறைவு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. இது நோய் வந்த பிறகு பழக்கத்தைக் கேட்டறிந்த ஆய்வு. தோலைத் தின்கிறவர்கள் வெயிலில் தொப்பி போடுகிறவர்களாகவும் இருக்கலாம். காரணம் என்று சொல்ல முடியாது, குறிப்பு என்று சொல்லலாம்.

அதற்கு நேரெதிராக 2015-இல் ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர், மருத்துவத் துறையினரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்ததில், வாரத்தில் இரண்டு முறைக்கும் குறைவாகச் சிட்ரஸ் சாப்பிடுகிறவர்களைவிட நாளொன்றுக்கு 1.6 முறைக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு மெலனோமா வாய்ப்பு 36 சதவீதம் கூடுதல். கிரேப்ஃபுரூட்டில் தொடர்பு மிக வலுவாக இருந்தது. இந்த ஆய்வு பழத்தையும் சாறையும் பற்றியது, தோலைப் பற்றியது அல்ல. ஆனால் ஆய்வாளர்கள் சந்தேகப்பட்ட ஃபுரானோகூமரின்கள் என்ற சேர்மங்கள் பழத்தோலில்தான் செறிவாக இருக்கின்றன. இவை புற ஊதாக் கதிர் பட்டதும் டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்ளும். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்குக் கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பும் வருவது இதனால்தான்.

எலுமிச்சைத் தோல் பொடியை முகத்தில் பூசுகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பூசினால் நன்றாகக் கழுவாமல் வெயிலில் போகக் கூடாது. என் கருத்தில் பூசாமலிருப்பதே நல்லது. இனிப்பு ஆரஞ்சிலும் மாண்டரினிலும் ஃபுரானோகூமரின் மிகக் குறைவு. எலுமிச்சை, கிரேப்ஃபுரூட், பெர்கமாட் ஆகியவற்றில் அதிகம். எண்ணெய் வாங்கினால் குளிர்முறையில் பிழிந்ததில் இது இருக்கும், ஆவியில் வடித்ததில் பெரும்பாலும் இருக்காது. ஃபுரானோகூமரின் ஆவியாகி மேலே வருவதில்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இது. ஆரோக்கியமானவருக்குத் தோல் ஒரு சமையல் பொருள். புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு அதே தோல் மருந்தின் அளவையே மாற்றக்கூடிய பொருள்.

கனடாவின் டேவிட் பெய்லி குழுவினர் ரத்த அழுத்த மருந்தான ஃபெலோடிபினையும் மதுவையும் பற்றிய ஒரு சோதனையில், மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃபுரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராத உயரத்துக்குப் போனது. குடல் சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதியை ஃபுரானோகூமரின்கள் செயலிழக்கச் செய்வதே காரணம். அது தற்காலிகப் பூட்டு அல்ல. அந்த நொதி மூலக்கூறு போனது போனதுதான். உடல் புதிதாகச் செய்து முடிக்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஆகவே "மாத்திரையைக் காலையில் போடுகிறேன், பழத்தை மாலையில் சாப்பிடுகிறேன்" என்பது உதவாது.

புற்றுநோய்க்கான மாத்திரைகளில் பல இதே நொதியால் சிதைபவை. நிலோட்டினிப், லபாட்டினிப், இப்ரூட்டினிப் ஆகியவற்றோடு கிரேப்ஃபுரூட் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. கசப்பு ஆரஞ்சும் பம்பளிமாஸும் அதே வேலையைச் செய்யும். கசப்பு ஆரஞ்சின் தோலைப் போட்டுச் செய்யும் மார்மலேடும் இந்தக் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. பெல்ஜியத்தில் டாஞ்செரெட்டினையும் மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபெனையும் சோதித்தார்கள்; 1999-இல் வெளியானது. தட்டில் இரண்டும் சேர்ந்து செல் வளர்ச்சியை நன்றாகவே தடுத்தன. அதே சேர்க்கையைக் கட்டியுள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, டமாக்சிஃபெனின் பலனை டாஞ்செரெட்டின் இல்லாமலாக்கிவிட்டது. டமாக்சிஃபென் மட்டும் பெற்றவற்றைவிட இரண்டும் பெற்ற சுண்டெலிகள் சீக்கிரம் இறந்தன. நோய் எதிர்ப்பில் பங்கேற்கும் இயற்கைக் கொல்லிச் செல்களின் செயல்பாடு குறைந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தட்டில் நண்பனாக இருந்த சேர்மம் உடலுக்குள் எதிரியாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சாப்பாட்டில் சிட்டிகை துருவல் போட்டால் இந்த அளவு வராது. டாஞ்செரெட்டினைச் செறிவாக்கிய மாத்திரையில் வரலாம். டமாக்சிஃபென் எடுக்கிறவர்கள் சிட்ரஸ் ஃபிளாவோன் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

கீமோவால் வாய்ப்புண் வந்திருந்தால் தோலின் எண்ணெய் எரியும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் தேவையற்ற அபாயம்.

சமையலறையில்

ஆரோக்கியமானவர் தோலைப் பயன்படுத்துவதில் எனக்கு முழு உடன்பாடு. மணம், நார்ச்சத்து, உப்பையும் சர்க்கரையையும் குறைக்கத் துணைசெய்யும் சுவை. இவையே போதுமான காரணங்கள். ஆனால் முதலில் தோலின் மேல் இருப்பதை அகற்ற வேண்டும்.

பறித்த பிறகு பழம் அழுகாமலிருக்க இமாசலில், தயபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளில் முக்கி, மேலே மெழுகு பூசுவது வணிகப் பழங்களில் பொதுவான நடைமுறை. இமாசலிலை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சாப்பிடும் சுளையில் இவை மிகக் குறைவு, தோலில்தான் தங்கும். தோலைத் தின்னப்போகிறவர்கள், பறித்த பின் எதுவும் பூசாத பழம் என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குவது கழுவுவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

அது கிடைக்காவிட்டால்: கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, மெழுகு இளகியதும் தூரிகையால் தேயுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்து, அதில் 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். ஆப்பிளை வைத்து 2017-இல் செய்த சோதனையில் இந்த 1 சதவீதக் கரைசல் 12 நிமிடத்தில் மேற்பரப்புத் தயபெண்டசோலை அகற்றியது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள் ஊடுருவிவிட்டிருந்தது, அதைக் கழுவ முடியவில்லை. சிட்ரஸுக்கும் முழுச் சுத்தம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சோப்பு வேண்டாம், துளைகளில் தங்கும்.

துருவும்போது நிறம் போனதும் நிறுத்துங்கள். அதே இடத்தில் இரண்டாம் முறை தேய்த்தால் வெள்ளை அடுக்கு வந்து கசக்கும். ஹெஸ்பெரிடினும் பெக்டினும் வேண்டுமென்றால் வெள்ளையையும் சேர்க்கலாம். மெல்லிய கீற்றாக நறுக்கி, தண்ணீர் கொதித்ததும் வடித்து, மறுபடி புதுத் தண்ணீரில் ஒரு முறை கொதிக்க விட்டால் கசப்பு குறையும். அதோடு லிமோனீனும் பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். இரண்டையும் ஒரே முறையில் காப்பாற்ற முடியாது. துருவலை அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள், கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ உள்ள உணவில். வெறும் தண்ணீரில் தோலைக் கொதிக்க வைத்துக் குடிப்பதில் லிமோனீன் பறந்துவிடும், நோபிலெட்டின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி போதும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதையும் குறைக்க வேண்டும்.

உலர்த்தும்போதுதான் அதிகம் கெட்டுப்போகிறது. நேர் வெயிலும் சூடான அடுப்பும் எண்ணெயை விரட்டித் தோலைப் பழுப்பாக்கும். நிழலில் காற்றோட்டமாகவோ 40 முதல் 45 டிகிரி சூட்டிலோ, ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி உலர்த்துங்கள். வளைந்தால் காயவில்லை, சட்டென்று ஒடிய வேண்டும். பாதி காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் உள்ளே பூஞ்சை வரும். பச்சை, கறுப்புப் புள்ளியோ மக்கிய வாடையோ இருந்தால் அந்த டப்பா முழுவதையும் எறியுங்கள், பூஞ்சை பட்ட துண்டை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் ஈரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று ஐயமற நிரூபிக்கப்பட்டது, சமைத்தாலும் அழியாது.

பொடியாக்கி வைப்பதைவிடத் துண்டாக வைத்து வேண்டும்போது இடிப்பது நல்லது. பொடியில் பரப்பு அதிகம், லிமோனீன் காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரோபெராக்சைடாகும். சரும ஒவ்வாமை தருவது தூய லிமோனீனைவிட இந்தச் சிதைபொருள்தான். மணம் டர்பன்டைன் போல மாறியிருந்தால் பொடி பழசாகிவிட்டது என்று அர்த்தம். உறைய வைத்தால் மணம் நீண்ட நாள் நிற்கும். புதிய சக்தி எதுவும் உண்டாகாது.

வாசனை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறவர்கள் நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில் கரையாமல் மிதந்து வாயையும் உணவுக்குழாயையும் அரிக்கும். ஆய்வுகளில் கொடுத்தது மென்குப்பியில் அடைத்து அளந்த பொருள், மேற்பார்வையில் மருத்துவர்கள் இருந்தார்கள். கசப்பு ஆரஞ்சுத் தோல் சாறு என்று விற்கும் மாத்திரைகளில் சைனெஃப்ரின் இருக்கும். அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் "பழத்தோல் சாப்பிடலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தப் பழம், துருவலா பொடியா மாத்திரையா, நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள்; மாத்திரை என்றால் டப்பாவையே எடுத்துப் போங்கள். நீங்கள் எடுக்கும் மருந்து சி.ஒய்.பி.3ஏ4 நொதியால் சிதைகிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். மருந்தோடு வரும் தாளில் கிரேப்ஃபுரூட் என்ற பெயர் தென்பட்டால், அன்றிலிருந்தே அந்தப் பழத்தையும் பம்பளிமாஸையும் கசப்பு ஆரஞ்சையும், அவற்றின் தோல் சேர்ந்த மார்மலேடு, பொடி, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். மருந்தை முடித்த பிறகும், எப்போது மறுபடி தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.